நீங்க எந்தத் தெரு?

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அது ஓர் அதிர்ஷ்டம். மேற்கே மலைத் தொடர் கூடவே வரும். வழியில் கண்டக்டர், "கரிவலம் எறங்குங்க!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவருக்கு அவசரம், பாதிப் பெயரைத்தான் சொல்வார். முழுப் பெயர் கரிவலம்வந்தநல்லூர்.

யானை வலம் வந்து வழிபட்ட ஊர் என்பது ஸ்தல புராணம். கரி என்றால் யானை. நம் அடுப்புக் கரியும் கரிதான். சுவாமிக்கோ பால்வண்ணநாதர் என்று பெயர். அம்பாள் ஒப்பனை அம்மாள். கறுப்பையும் வெள்ளையையும் ஒரே ஊரில் இவ்வளவு அழகாகச் சேர்த்து வைத்தவர்கள் ரசிகர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். சங்கரன்கோவில், தாருகாபுரம், தென்மலை, தேவதானம், கரிவலம் என்று இந்தச் சீமையில் பஞ்சபூத ஸ்தலங்கள் ஐந்து உண்டு. அவற்றில் கரிவலம் அக்கினி ஸ்தலம். பதினாறாம் நூற்றாண்டில் வரதுங்கராம பாண்டியர் இந்த ஊர் ஈசன்மீது பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியைக் 'குட்டித் திருவாசகம்' என்றே பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பாண்டியருடைய ஏட்டுச் சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஒரு சமயம் ஆவலோடு இங்கே வந்தார். சிதைந்துபோன பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் நெஞ்சு பதறியதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். காக்க வேண்டிய சொற்களை நெருப்பில் போட்டுவிட்டோம். நெருப்பில் போட வேண்டிய சில சொற்களையோ, பத்திரமாகக் காப்பாற்றிப் பேரன் பேத்திகளுக்கும் கொடுத்து வருகிறோம். அந்தச் சொற்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச உத்தேசம். வசைச் சொற்களைப் பற்றி அல்ல. வசை என்றால் சண்டை வரும், போலீஸ் வரும். நான் சொல்வது வாசலில் கோலம் போட்டுக்கொண்டும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டும், நல்ல மனத்தோடும் சிரித்த முகத்தோடும் நாம் பேசிக்கொள்கிற சாதாரணப் பேச்சு.

* * *

என் பெரியம்மா வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் கரிவலம் கோயிலுக்கும் ஒரு நடை போய்வருவேன். போன முறை சந்நிதித் தெருவில் ஒரு திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஓர் ஆச்சி வந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியும் விட்டார். பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று.

"எந்த ஊரு தாயி?"

"மெட்ராஸ், ஆச்சி. பெரியம்மா வீடு சங்கரன்கோவில்."

"சங்கரன்கோவில்ல எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அந்தத் தெருவுல எந்தப் பக்கம்? கெழக்கயா, மேக்கயா?"

அதையும் சொன்னேன்.

"ஒங்க குலசாமி கோயிலு எங்க இருக்கு?"

இதற்கும் பதில் சொன்ன பிறகு ஆச்சியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. கணக்குப் போட்டு விடை வந்துவிட்ட நிம்மதி! ஐந்து நிமிஷத்துக்குள் என் பூர்வோத்தரம் முழுவதையும் அவர் தெரிந்துகொண்டுவிட்டார். ஜாதி என்ற சொல் ஒரு தரங்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் சகோதரிகளே, கிராமத்துப் பாட்டியின் சாமர்த்தியத்தைக் கேட்டுச் சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? "நீங்க சைவமா?" என்கிறோம். சைவம் என்று பதில் வந்தால், "எந்தப் பக்கம் நீங்க?" என்று அடுத்த கேள்வி. பிள்ளையின் சிநேகிதன் வீட்டுக்கு வந்தால், "அப்பா என்ன பண்றார்? சொந்த ஊர் எது? ஊரில் எங்கே?" என்று தோசை வார்த்துக்கொண்டே கேட்டுவிடுகிறோம். தோசையில் குறை இருக்காது. இரண்டு தோசை அதிகமாகவே போடுவோம். ஆனால் அந்தப் பையன் எட்டு வயதிலேயே புரிந்துகொள்கிறான், தன் பெயரும் தன் மார்க்கும் போதாது, மூன்றாவதாக ஒன்றையும் எல்லாரும் தேடுகிறார்கள் என்று.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் பழகிக்கொள்ளும் விதம் ஒவ்வொன்று. கரிவலத்தைச் சுற்றியுள்ள ஒரு சிற்றூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். (அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.) வீடு எங்கே என்றேன். "கீழத் தெருங்க" என்றார். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த இரண்டு சொல்லும் மட்டும் தாழ்ந்த குரலில் வந்தன. அவருடைய பெண் திருநெல்வேலியில் காலேஜில் படிக்கிறாள். அவள் இன்னும் கெட்டிக்காரி. "காலேஜ்ல யாரும் எந்தத் தெருன்னு கேட்டா, பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லிருவேன் அக்கா" என்றாள் சிரித்துக்கொண்டே. பஸ் ஸ்டாண்டுக்கு ஜாதி கிடையாது என்பதை அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள்!

அம்மா குரலைத் தாழ்த்துகிறாள். மகள் முகவரியை மாற்றுகிறாள். இருவரையும் யாரும் வையவில்லை, அடிக்கவில்லை. "எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார்கள். அதற்கே இவ்வளவு.

* * *

அடுத்து, 'இருந்தாலும்' என்று ஒரு சொல். பரம சாதுவான சொல். அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள்: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." பாராட்டுத்தான். அந்தப் பெண்ணும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். களை என்ற வார்த்தை காதில் விழுந்து மறந்துபோகும். 'இருந்தாலும்' மட்டும் ஆயுசுக்கும் மறக்காது. கறுப்பு என்பது ஒரு குறை, அதை மீறி இவள் ஏதோ தேறிவிட்டாள் என்று அந்தச் சொல் அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறது. கருப்பசாமியை எல்லைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற அதே சீமையில்தான் பிறந்த குழந்தைக்குக் குங்குமப்பூ போதவில்லையே என்று மாமியார்கள் விசாரப்படுகிறார்கள்.

இதே 'இருந்தாலும்' வேறோர் இடத்திலும் வரும். "அவங்க ஆளா இருந்தாலும் நல்ல மாதிரி." "காலனிக்காரியா இருந்தாலும் எவ்வளவு சுத்தமா இருக்கா பாருங்க." சொல்கிறவர் மனத்தில் கபடமே இல்லை. நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாகவே நினைக்கிறார். கேட்கிறவளோ, நாளைக்கு ஒரு நாள் தன் புடவையில் கறை பட்டுவிட்டால் அது தன் புடவைக் கறையாக இருக்காது, தன் தெருவின் கறையாகிவிடும் என்று தெரிந்துகொள்கிறாள். நம் வீட்டுப் பெண் அழுக்குப் புடவை கட்டினால் சோம்பேறி என்ற பெயரோடு போய்விடும்.

'ஆளுங்க' என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். "நம்ம ஆளுங்களா?", "அது வேற ஆளுங்க." அகராதியைப் புரட்டினால் ஆள் என்றால் மனிதன். திண்ணையிலும் டீக்கடையிலும் அதற்கு அந்த அர்த்தம் இல்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

* * *

முறை சொல்லிக் கூப்பிடுவதில் நம் தெற்குச் சீமைக்கு நிகர் கிடையாது. அண்ணாச்சி, ஆச்சி, அத்தை, மாமா, சித்தி, மதினி என்று பழகாதவரையும் உறவாக்கிவிடுவார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பாவும் ஊடையுமாக வேலை பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதைக் கேட்டால் ஒரு பெரிய கல்யாண வீட்டில் இருப்பதாகத் தோன்றும்.

காது கொடுத்துக் கேட்டால் அதிலும் ஒரு கோடு இருப்பது தெரியும். 'அக்கா', 'அண்ணே', 'தம்பி' எல்லாருக்கும் உண்டு. 'அத்தை', 'மாமா', 'மச்சான்', 'மதினி' மட்டும் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பெண் கொடுத்து எடுக்கக்கூடிய முறை அல்லவா? நாக்கு தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறது. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் முஸ்லிம் குடும்பத்தாரும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாக 'மாமன், மச்சான்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு சொல்லே பாலமாகிவிட்டது. வேறு சில தெருக்களுக்கோ எந்த முறையும் கிடையாது. எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கிழவர் அந்தப் பையனை 'ஐயா' என்பார். பத்து வயதில் அப்படிக் கூப்பிடப் பழகிய பையன் நாற்பது வயதில் அந்தக் கிழவரின் பேரனை எப்படிச் சமமாக நினைப்பான்? இது அவன் படித்த பாடம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, தாய் மடியில் படித்த பாடம்.

தறிக் கூடத்தில் ஒரு வாலிபர் என்னிடம், "நாங்க ஆண்ட பரம்பரைக்கா" என்றார். அவருக்குப் பக்கத்துத் தறியில் நிற்கிறவர் வேறு தெருக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே கூலி. இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பஞ்சுத் தூசியால் ஒரே இருமல். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்த அவர் சம்சாரம் இதைக் கேட்டுவிட்டு, "ஆண்டதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு ரேஷன் கடையில யாரு போய் நிக்கிறது?" என்றார். தறிச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது.

சிரித்துவிட்டாலும் அந்த வாலிபரை நான் குறைவாக நினைக்கவில்லை. வாரக் கூலி அவருக்குக் கொடுக்காத நிமிர்வை அந்த இரண்டு சொற்கள் கொடுக்கின்றன. தலை நிமிர்வது யாருக்கும் வேண்டியதுதான். தொந்தரவு எங்கே என்றால், 'ஆண்ட பரம்பரை' என்று ஒருவர் சொன்னவுடனே, ஆளப்பட்டவர் யார் என்று பக்கத்துத் தறியைப் பார்க்கச் சொல்கிறது அந்தப் பேச்சு. இருமலும் கடனும் ஒன்றாக இருக்கிற இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் கூலியைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக, தாத்தாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டு தனித்தனியாக டீ குடிக்கிறார்கள்.

* * *

இதெல்லாம் வெறும் பேச்சுத்தானே என்று நினைக்கிறவர்களுக்குக் கரிவலத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

2022 செப்டம்பர் மாதம். கரிவலம்வந்தநல்லூர்ப் போலீஸ் சரகத்தைச் சேர்ந்த பாஞ்சாகுளம் என்ற சிற்றூர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் மிட்டாய் வாங்கப் பெட்டிக் கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி எதுவும் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு தெருக்களுக்கு நடுவே முன்பு ஒரு தகராறு, அதன்மேல் ஒரு வழக்கு, அது ராஜியாகவில்லை என்ற கோபம். அந்தக் கோபத்தின் விலையைக் கொடுத்தது, கையில் சில்லறையோடு நின்ற குழந்தைகள்.

அந்தக் காட்சியைச் செல்போனில் படம் பிடித்துச் சுற்றுக்கும் விட்டார்கள். நாடு முழுவதும் பார்த்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் கைதும் நடந்தன. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் கொண்டு நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் 1989-இல் வந்தது. அந்தப் பிரிவை எடுத்து உபயோகித்தது அபூர்வம்.

அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்தேன். என்னை உறுத்தியது என்ன தெரியுமா? கடைக்காரரின் குரலில் ஆத்திரமே இல்லை. சத்தம் போடவில்லை. பருப்பு விலை ஏறிவிட்டது என்று சொல்வதைப் போலச் சாவகாசமாகச் சொன்னார். ஜாதிப் பெயரும் தேவைப்படவில்லை. 'தெரு' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. நம் ஆச்சி திண்ணையில் என்னைக் கேட்ட அதே சொல்! அங்கே தண்ணீர் கொடுத்துக் கேட்டது. இங்கே மிட்டாயை மறுத்துச் சொன்னது. வேர் ஒன்றுதான்.

பாஞ்சாகுளத்துக் குழந்தைகள் 'கட்டுப்பாடு' என்ற சொல்லை அன்றைக்கு முன்னால் கேட்டிருந்தார்களோ இல்லையோ, இனிமேல் அதன் பொருளை மறக்க மாட்டார்கள். மிட்டாய் நாளைக்கு வேறு கடையில் கிடைத்துவிடும். தான் யார் என்று ஒரு குழந்தைக்கு அன்று கிடைத்த விடையை யார் திருப்பி வாங்குவது?

குழந்தைகள் விஷயம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் மணிக்கட்டில் கலர்க் கயிறு கட்டிக்கொண்டு, கலரைப் பார்த்தே இன்னார் என்று தெரிந்துகொள்ளும் வழக்கம் பல வருஷங்களாக உண்டு. 2019-இல் அதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசாங்கம் நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. அவர் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது, பள்ளிகளின் பெயரில் ஜாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றெல்லாம் சிபாரிசு செய்தார். கயிற்றைக் கத்தரித்துவிடலாம். அந்தப் பையன்களுக்குக் கயிறு கட்டத் தோன்றும்படி வீட்டிலே பேசிய பேச்சை எதைக் கொண்டு கத்தரிப்பது?

* * *

கூப்பிடும் பெயரில்தான் மானமே இருக்கிறது என்று நம் ஜனங்கள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டார்கள். நூறு வருஷத்துக் கதையை எடுத்துப் பார்த்தால், பெயரை மாற்றச் சொல்லி அவர்கள் செய்த போராட்டம் கொஞ்ச நஞ்சமல்ல. சர்க்கார் பதிவேடுகளில் தங்களை நாடார் என்றே எழுத வேண்டும் என்று ஒரு சமூகத்தார் விடாமல் கேட்டு, 1921-இல் அதைப் பெற்றார்கள். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, இழிவாகச் சொல்லப்பட்ட பழைய பெயருக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயரைக் காகிதத்தில் ஏற்றினார். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விடும்படி தீர்மானம் செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல், முன்னால் அப்பாவின் தலையெழுத்து மட்டும் இருப்பதைப் பார்த்து வட இந்தியர்கள் ஆச்சரியப்படுகிறார்களே, அதற்கு இந்த மாநாடு ஒரு முக்கியமான காரணம். 2021-இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு ஏழு பிரிவினரை தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டசபையில் அறிவித்தார். காலனி என்பது குடியிருப்பு என்ற அர்த்தத்தில் வந்த ஆங்கிலச் சொல். சென்னையில் காலனியில் வீடு என்றால் பெருமை. கிராமத்தில் அதே சொல்லை வாயில் போட்டு மென்று மென்று வேறு ஒன்றாக்கிவிட்டோம். ஆக, பழைய சொல்லை எடுத்தால் மட்டும் போதாது. புதுச் சொல்லையும் பழசாக்கிவிடுகிற சாமர்த்தியம் நம் நாக்குக்கு உண்டு.

பெயர் செய்யும் விபரீதத்துக்கு இன்னோர் உதாரணம் 1997-இல் நம் தெற்கே நடந்தது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த சுந்தரலிங்கத்தின் பெயரைச் சர்க்கார் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. கலவரமாயிற்று, உயிர்களும் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். பஸ் அதே பஸ்தான். போகும் ஊரும் அதே ஊர்தான்.

* * *

இந்த நோய் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கடல் கடந்தும் ஒரு கதை இருக்கிறது. அதில் நம் தமிழ்ச் சொல்லே ஒரு பாத்திரம்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட நம் ஜனங்களைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. 'கூலி' என்றால் நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வாயில் அது ஒரு ஜாதியின் பெயராயிற்று. வக்கீலானாலும் வியாபாரியானாலும் இந்தியன் என்றால் கூலி. 1893-இல் அங்கே போன காந்திஜிக்கே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் பெயர். தமிழர்கள் பலர் பெயரில் 'சாமி' வருவதைப் பார்த்து எல்லாரையும் 'சாமி, சாமி' என்று கேலியாக அழைத்தார்கள். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், என்னை எஜமான் என்கிறீர்களே என்று சிலர் திருப்பிக் கேட்பார்களாம், காந்திஜியே எழுதியிருக்கிறார். கெட்டிக்காரப் பதில் அல்லவா?

அதே நாட்டில் 1950-இல் ஒரு சட்டம் செய்து ஒவ்வொரு மனிதரையும் நிறவாரியாகப் பதிவேட்டில் ஏற்றினார்கள். கேப் டவுன் பக்கம் ஆப்பிரிக்கான்ஸ் பாஷை பேசும் ஏழைத் தொழிலாளிகள் ஏராளம். வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் கலப்பாகப் பிறந்தவர்கள். எஜமானர்களான வெள்ளைக்காரர்கள் பேசுவதும் அதே பாஷைதான். இவர்களுக்கு 'கலர்ட்' என்று ஒரு தனிப் பத்தி. சந்தேகம் வந்தால் தலைமயிரில் பென்சிலைச் சொருகிப் பார்ப்பார்களாம். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு ஜாதி, சிக்கிக்கொண்டால் வேறு ஜாதி! ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பத்தி, தம்பி ஒரு பத்தி என்று ஆனதும் உண்டு. 1991-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் பேச்சு ரத்தாகவில்லை. இன்றும் அங்கே சிலர் அந்தப் பெயரைத் தங்கள் பெயராகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் அந்தச் சொல்லே ஆகாது என்கிறார்கள். வீட்டுக்குள் பிள்ளைகளின் தலைமயிரையும் மேனி நிறத்தையும் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பேசுகிற வழக்கமும் முற்றிலும் போய்விடவில்லை.

குங்குமப்பூ வாங்கும் நம் மாமியாரும், பேத்தியின் சுருட்டைத் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அந்த ஊர்ப் பாட்டியும் சந்தித்தால் பாஷை தெரியாமலே பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருமே அன்பினால்தான் கவலைப்படுகிறார்கள். அந்த அன்பைத்தான் குழந்தை விழுங்குகிறது. கூடவே அந்தக் கணக்கையும் விழுங்கிவிடுகிறது.

* * *

நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. அது அமலுக்கு வந்தது 1950-இல். அது செய்ய வேண்டியதைச் சட்டசபையும் கோர்ட்டும் போலீசும் செய்யட்டும். அதற்கு எட்டாத ஓரிடம் இருக்கிறது. அது நம் சமையலறை, நம் வாசல், நம் சாப்பாட்டு மேஜை. அங்கே ஆட்சி பெண்கள் கையில்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. நம் பிள்ளைக்கு ஐந்து வயது. அவன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானா, பாட்டி என்று கூப்பிடுகிறானா? அவருக்கு ஒரு டம்ளர் தனியாக ஜன்னல் மேட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறதா? இருந்தால், அந்த டம்ளர் பேசுகிறது. நாம் வாய் திறக்காவிட்டாலும் அது நாள் தவறாமல் குழந்தைக்குப் பாடம் சொல்கிறது.

பிள்ளையின் சிநேகிதன் வந்தால், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல், என்ன விளையாடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெண் பார்த்துவிட்டு வந்து 'இருந்தாலும்' என்று ஆரம்பிக்கிற மாமியிடம், "அந்த 'இருந்தாலும்' வேண்டாமே மாமி, களையாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்; கொஞ்சம் யோசிப்பார்.

தீப்பெட்டி ஆபீஸ் அம்மாளிடம் புறப்படும்போது, உங்கள் மகள் படித்து முடித்து என்னவாக வேண்டும் என்று கேட்டேன். டீச்சராக வேண்டும் என்பார், நர்ஸாக வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் யோசித்தார். தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க போனாலும் என்ன படிச்சிருக்கன்னு கேட்டா போதும்மா. வேற ஒண்ணும் கேக்காம இருந்தா அதுவே பெரிசு" என்றார்.

அந்தப் பெண் ஒரு நாள் வேலைக்காக உங்கள் ஊருக்கு வரலாம். வாடகைக்கு ஓர் அறை கேட்டு உங்கள் வாசலிலேயே நிற்கலாம். அவளிடம் நீங்கள் முதலில் என்ன கேட்கப்போகிறீர்கள்?